பழுதுபார்க்க இயலாப் பொருளை விற்பது தகுமா?

ஒருவர் தம் பெண்ணொட்டகத்தை 300 திர்ஹத்துக்கு விற்றார். அருகில் நின்றிருந்த நபித்தோழர் வாஸிலா இப்னுல் அஸ்கஉ (ரலி) அவர்கள் வேறு சிந்தனையில் இருந்தமையால் விற்பனை முடிந்ததைக் கவனிக்கவில்லை. வாங்கியவர் ஒட்டகத்தை ஓட்டிச் சென்ற பின்னரே அவர்களுக்கு உணர்வு வந்தது. உடனே பின்தொடர்ந்து ஓடினார்கள், கூவி அழைத்தார்கள். இறைச்சிக்காக வாங்கினாரா, பயணத்துக்காக வாங்கினாரா என்று வினவினார்கள். பயணத்துக்கே என்றார் அவர். அவ்வாறாயின் இதன் பாதத்தில் புரை இருக்கிறது, தாம் அதைக் கண்ணால் கண்டதுண்டு, இதனால் தொடர்ந்து நடக்க இயலாது என்று எடுத்துரைத்தார்கள். வாங்கியவர் திரும்பி வந்தார். விற்றவர் 100 திர்ஹம் குறைத்துக்கொள்ள நேர்ந்தது. தம் வியாபாரம் கெட்டதே என்று அவர் வருந்தியபோது, ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் தாங்கள் உறுதியளித்திருப்பதை வாஸிலா (ரலி) அவர்கள் நினைவூட்டினார்கள்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில், பொருளீட்டலின் ஒழுக்கங்களைப் பேசும் பகுதியில் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி இது. பாடம் நடத்துங்கால் இதனைப் பன்முறை சொல்லியிருக்கிறோம். ஒட்டகம் விற்போர் நம்மிடையே எவருமில்லை. ஆகவே பழங்கதை கேட்பதுபோல் மாணவர் கேட்டுக்கொள்வர். நாமும் அவ்வாறே சொல்லிவிட்டு அடுத்த வரிக்குச் சென்றிருக்கிறோம். அந்த ஒட்டகம் இரண்டு சக்கரங்களோடும் ஒரு பாட்டரியோடும் நம் முன் வந்து நிற்கும் என்று நாம் எண்ணியதில்லை.

வந்த வினா

நம்மிடம் அரபி பயின்று, இப்போது ஹாலந்து நாட்டில் குடும்பத்தோடு வாழும் ஒருவர் நமக்கு எழுதியிருந்தார். சிறிய மளிகைக் கடை வைத்திருக்கிறார். வாடிக்கையாளரின் இல்லங்களுக்குச் சரக்கைக் கொண்டு சேர்ப்பதற்காக மின்சாரச் சுமை மிதிவண்டி ஒன்றை ஏறக்குறைய 6,000 யூரோ கொடுத்து வாங்கினார். மூன்றாண்டுகள் குறையின்றி ஓடியது. நான்காம் ஆண்டில், இரவு முழுவதும் மின்னூட்டிய பாட்டரி பாதி வழியில் நின்றுவிடத் தொடங்கிற்று.

வாங்கிய கடைக்குச் சென்றார். பாட்டரியைத் திறப்பதில்லை, புதிதுதான் வாங்க வேண்டும், விலை 800 யூரோவுக்கு மேல், அந்த வகை இப்போது செய்யப்படுவதில்லை ஆதலால் எப்போது கிடைக்கும் என்றும் சொல்வதற்கில்லை என்றார்கள். தனியே தொழில் செய்யும் மெக்கானிக் ஒருவரிடம் காட்டினார். உள்ளே ஒரு வரிசை செல்கள் மட்டுமே தளர்ந்திருக்கின்றன, அவற்றை மாற்றத் தம்மால் இயலும், ஆனால் மாற்றிய பின் அதன் மின்னணுப் பலகை பாட்டரியை இயங்க விடாது என்று அவர் கைவிரித்தார்.

இதனையெல்லாம் விவரித்துவிட்டு அன்பர் இரண்டு வினாக்களைத் தொடுத்திருந்தார். திறக்க இயலாததை, திறக்க இயலாது என்று சொல்லாமல் விற்றது ஷரீஅத்தின் பார்வையில் குற்றமா என்பது முதல் வினா. இரண்டாவது இன்னும் கூர்மையானது. பாட்டரியைச் சிறிது நேரம் கழற்றி வைத்து மீண்டும் பொருத்தினால் சில நாள்களுக்கு நன்றாகவே ஓடுகிறதாம். அந்த வண்டியை 2,500 யூரோவுக்கு வாங்கிக்கொள்ள ஒருவர் முன்வந்திருக்கிறாராம். பழைய பாட்டரி தளரும் என்பது ஊரறிந்த செய்திதானே, தாம் வாய் திறக்காமல் விற்றுவிடலாமா என்று கேட்டிருந்தார்.

முதல் வினாவில் அவர் ஒட்டகத்தை வாங்கியவர். இரண்டாம் வினாவில் அவரே விற்பவர். இரண்டையும் ஒருங்கே ஆராய்வோம்.

பொருளின் இயல்பு

தீர்ப்புச் சொல்லுமுன் பொருளை அறிதல் வேண்டும். ஹாலந்து, டென்மார்க் ஆகிய நாடுகளில் முன்புறம் பெட்டி வைத்த மிதிவண்டி புதியதன்று. ரொட்டிக்காரரும் பால்காரரும் நெடுங்காலம் அதனை மிதித்தவர்களே. டச்சு மொழியில் அதன் பெயர் ‘பாக்ஃபீட்ஸ்’. பெட்டி வண்டி என்பது பொருள். கோபன்ஹேகனின் கிறிஸ்டியானியா குடியிருப்பில் 1984-இல் உருவான மூன்று சக்கரப் பெட்டி வண்டி அந்நகரின் அடையாளங்களுள் ஒன்றாகவே ஆகிவிட்டது. குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லவும், கடைச் சரக்கை ஏற்றிச் செல்லவும் மோட்டார் காருக்கு மாற்றாக இவ்வண்டி இன்று மதிக்கப்படுகிறது.

பளுவை ஏற்றி மிதிப்பது கடினம். ஆகவே மின்மோட்டார் சேர்ந்தது. ஐரோப்பியச் சட்டப்படி அதன் தொடர் ஆற்றல் 250 வாட்டுக்கு மிகாமல், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் உதவி நின்றுவிடுமாயின், அது மிதிவண்டியாகவே கருதப்படும், மோட்டார் வாகனமாகாது. நடுத்தரமான பாட்டரி ஒன்றை முழுவதும் நிரப்ப ஏறத்தாழ அரை யூனிட் மின்சாரம் போதும். புகையில்லை, ஓசையில்லை. நல்ல வண்டியொன்றின் விலை 5,000 யூரோவுக்கும் மேற்செல்கிறது. சாதாரண மிதிவண்டியோடு ஒப்பிட்டால் இது பெருந்தொகை. சரக்கு வேன் ஒன்றோடு ஒப்பிட்டால் சிறுதொகை. ஆக, இப்பொருளில் நன்மை இருக்கிறது என்பதில் நமக்கு ஐயமில்லை. நன்மை இருப்பதனாலேயே அதன் குறை நம்மை வருத்துகிறது.

அக்குறை யாது? இவ்வண்டி இரு பகுதிகளாலானது. சக்கரம், சங்கிலி, பிரேக், டயர் ஆகியவை ஒரு பகுதி. இவற்றை எந்த ஊரின் சைக்கிள் கடைக்காரரும் சரிசெய்வார். மோட்டார், பாட்டரி, இரண்டையும் இணைக்கும் மின்னணுப் பலகை ஆகியவை மற்றொரு பகுதி. பாட்டரிப் பெட்டிக்குள் விரலளவு உருளைச் செல்கள் நாற்பது இருக்கலாம். நான்கு நான்காகச் சேர்த்துப் பத்து வரிசைகளாகக் கோத்திருப்பார்கள். ஒரு வரிசை தளர்ந்தால், தீங்கு நேராதிருக்கும் பொருட்டுக் காவல் பலகை முழுப் பாட்டரியையும் நிறுத்திவிடும். முப்பத்தாறு செல்கள் நலமாக இருக்க, நான்கின் பொருட்டு நாற்பதும் குப்பைக்குப் போகின்றன. மோட்டாரிலும் இதே நிலைதான். தேய்வது உள்ளிருக்கும் பேரிங்காக இருக்கும். ஆனால் பெயர்பெற்ற சில உற்பத்தியாளர்கள் உள்ளுறுப்புகளைத் தனியே விற்பதில்லை. மோட்டாரையே முழுதாக மாற்றச் சொல்கிறார்கள். பாட்டரியும் மோட்டாரும் தமக்குள் இரகசியக் குறிமொழி பேசுகின்றன. அக்குறிமொழியை அறியாத வேறொருவரின் பாட்டரியை வைத்தால் மோட்டார் அசையாது.

தயாரித்தவரே மறைந்துவிட்டால் என்னாகும்? 2023 ஜூலையில் ஆம்ஸ்டர்டாமின் வான்மூஃப் என்னும் மின்மிதிவண்டி நிறுவனம் திவாலாயிற்று. அவ்வண்டிகள் சுமை வண்டிகளல்ல; ஆயினும் பாடம் ஒன்றே. அவற்றின் பூட்டும் பிற வசதிகளும் கைப்பேசிச் செயலியை நம்பியிருந்தன. உறுப்புகளோ வேறெவரும் செய்யாதவை. நிறுவனத்தின் கணினிகள் நின்றால் தம் வண்டி தம் கைக்கு அடங்குமோ என்று உரிமையாளர்கள் கலங்கினர். பெல்ஜிய நாட்டின் போட்டி நிறுவனமொன்று, அவ்வண்டிகளின் மின்சாவியை எடுத்துச் சேமித்துக்கொள்ள ஒரு செயலியைச் செய்து கொடுத்தது. பின்னர் வேறொரு நிறுவனம் வான்மூஃபை வாங்கிக்கொண்டது. எனினும், விலை முழுவதும் கொடுத்து வாங்கிய பொருளின் சாவி விற்றவன் வீட்டில் இருந்தது என்னும் உண்மையை அந்தச் சில வாரங்கள் உலகுக்கு உணர்த்தின.

அப்படியானால் மலிவான வண்டியை வாங்கினால் தொல்லையில்லையே எனலாம். 2024 பிப்ரவரியில், ஒப்பீட்டளவில் விலை குறைந்தவை என்று பெயர்பெற்ற பாபூ சுமை மிதிவண்டிகளின் விற்பனையை நிறுத்துமாறு நெதர்லாந்தின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் பணித்தது. சட்டகம் உடையக்கூடும் என்பதே காரணம். குழந்தைகளை ஏற்றிச் செல்லும் வண்டியின் சட்டகம் அது! மலிவும் அடைக்கலமன்று, விலையுயர்வும் அடைக்கலமன்று.

ஐபு என்பது யாது?

இனி ஃபிக்ஹு நூல்களை நோக்குவோம். வாங்கிய பொருளில் முன்னரே மறைந்திருந்த குறை பின்னர் வெளிப்பட்டால், அதனைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. இதற்குக் ‘கியாருல் ஐபு’ என்று பெயர். குறை, அதாவது ஐபு, எது? இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ‘மின்ஹாஜி’ல் தரும் இலக்கணத்தின் கருத்து இது: பொருளையோ அதன் மதிப்பையோ குறைத்து, நியாயமான ஒரு நோக்கம் கைகூடாமற் செய்வது ஐபு. ஆனால் அத்தோடு அவர்கள் ஒரு நிபந்தனையையும் வைக்கிறார்கள். அவ்வினப் பொருள்களில் பெரும்பாலும் அக்குறை இல்லாதிருத்தல் வேண்டும். ஹனஃபீ மத்ஹபின் குதூரீயோ, வணிகரின் வழக்கத்தில் விலையைக் குறைக்கும் எதுவும் ஐபு என்கிறது. இரு மத்ஹபுகளும் ஈற்றில் வந்து நிற்குமிடம் ‘உர்ஃபு’, அதாவது உலக வழக்கு.

இங்கேதான் சிக்கல் பிறக்கிறது. நூறு வண்டிகளில் ஒன்று மட்டும் திறக்க இயலாததாக இருந்தால், அது ஐபு, திருப்பிக் கொடுக்கலாம். நூறில் தொண்ணூறு அவ்வாறே செய்யப்படுமாயின், அவ்வினத்தின் இயல்பே அதுவென்றாகிறது. ஐபு என்னும் பெயர் அதனின்றும் நீங்கிவிடுகிறது. ஒருவன் தனியே செய்தால் குற்றம். எல்லோரும் கூடிச் செய்தால் வழக்கம்! குறை பெருகப் பெருக, வாங்குவோரின் உரிமை சுருங்குகிறது. நம் அன்பரின் முதல் வினாவுக்கு ஏட்டின்படி விடை சொன்னால், அவர் கையில் வழக்கு எதுவும் நில்லாது. ஐரோப்பியச் சட்டம் விற்பவர்மீது சுமத்தும் குறைந்த அளவுப் பொறுப்பும் இரண்டாண்டுகளே. அவர் வண்டி நின்றதோ நான்காம் ஆண்டில்.

ஏடு இத்துடன் முடிகிறதா? இல்லை. கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் அதே பகுதியில், ஒரு கொடுக்கல் வாங்கல் செல்லும் என்று முஃப்தி தீர்ப்பளித்துவிடலாம், ஆயினும் அதில் அநீதி கலந்திருந்து அதைச் செய்தவனை இறைவனின் சினத்துக்கு ஆளாக்கலாம் என்று விளக்குகிறார்கள். செல்லுபடியாதல் வேறு, நீதி வேறு. காஜியின் மன்றத்தில் வென்றவன் மறுமையின் மன்றத்தில் வென்றவனாகிவிட மாட்டான்.

மத்யன் நகரத்தாரிடம் நபி ஷுஐபு (அலை) அவர்கள் அளவையையும் நிறுவையையும் நிறைவாக்குமாறு அறிவுறுத்தியதைத் திருமறை கூறுகிறது. அத்தோடு, மக்களுக்குரிய பொருள்களைக் குறைத்துவிடாதிருக்குமாறும் அறிவுறுத்துகிறது. முன்னது தராசைப் பற்றியது. பின்னது தராசுக்கு அப்பாலும் விரிவது என்று பைளாவீ (ரஹ்) போன்ற விரிவுரையாளர் உரைப்பர். அரபியில் ‘பக்ஸு’ என்னும் அச்சொல் ஒருவருக்கு உரியதைக் குறைத்தல் என்னும் பொருளது. பத்தாண்டு உழைக்கக்கூடிய பொருளை நான்காண்டில் நிற்கும்படி பூட்டிவைத்தல், எடையில் கைவைக்காமலே அளவைக் குறைத்தலன்றி வேறென்ன?

இன்னொன்றும் எண்ணத்தக்கது. விற்றுவிட்டு, இதனை நீர் பயன்படுத்தலாகாது, பிறருக்கு விற்கலாகாது என்று விற்பவன் நிபந்தனை விதித்தால், அது உடைமையின் இயல்புக்கே முரணானது என்று நம் ஃபுகஹாக்கள் அவ்வியாபாரத்தைக் கெட்டதென்பர். வாயால் விதிக்கும் நிபந்தனைக்கே இந்நிலையெனின், வாயால் சொல்லாமல் மின்னணுப் பலகைக்குள் எழுதிவைத்த நிபந்தனையை என்னென்பது? இதனை நாம் ஃபத்வாவாகச் சொல்லவில்லை. ஆலிம்களின் ஆய்வுக்கு வைக்கிறோம். பிழையிருப்பின் திருத்துவார்களாக.

உற்பத்தியாளரின் தரப்பு

ஒரு பக்கம் கேட்டுத் தீர்ப்பளித்தல் நீதியன்று. உற்பத்தியாளர்கள் சொல்லும் காரணமும் வலிமையுள்ளதே. லித்தியம் பாட்டரி விளையாட்டுப் பொருளன்று. தகுதியற்றவர் திறந்து, ஒவ்வாத செல்களைக் கோத்துவிட்டால் தீப்பற்றும். அத்தீயை அணைப்பது எளிதன்று. நியூயார்க் நகரில் 2023-ஆம் ஆண்டில் மட்டும் இத்தகைய பாட்டரித் தீயில் 18 பேர் மாண்டனர். பழைய பாட்டரிகளிலிருந்து பிரித்தெடுத்த செல்களைக் கொண்டு புதுக்கிய பாட்டரிகளை விற்கலாகாது என்று அந்நகரம் சட்டமியற்றிற்று. இறந்தவர்களில் தீக்கு எவ்வகையிலும் காரணமாகாத அண்டை வீட்டாரும் இருப்பர் என்பதை நினைத்தால், பூட்டு வேண்டாம் என்று சொல்ல நா எழாது.

ஆயினும் பூட்டில் இருவகை உண்டு. பிறர் உயிரைக் காக்கும் பூட்டு ஒன்று. தன் வருவாயைக் காக்கும் பூட்டு மற்றொன்று. இரண்டையும் பிரித்தறியும் உரைகல் எது? பூட்டியவனே திறந்து கொடுக்க அணியமாக இருக்கிறானா என்பதே. அபாயத்தின் பொருட்டுப் பிறரைத் தடுப்பவன், அவ்வேலையைத் தானே ஏற்றுக்கொள்ளக் கடமைப்பட்டவனாகிறான். நியாயமான கூலிக்குச் செல்லை மாற்றித் தரட்டும்; அல்லது தகுதிபெற்ற தொழிலாளருக்குக் கற்றுக்கொடுத்து உறுப்புகளையும் விற்கட்டும். அப்போது அவன் கூறிய காரணம் மெய்யென்று ஏற்போம். தானும் திறவான், பிறரையும் திறக்க விடான், புதிது வாங்கு என்று மட்டுமே சொல்வானெனில், அவன் வாயில் இருப்பது பாதுகாப்பு. மனத்தில் இருப்பது விற்பனை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே தைத்தார்கள், ஆடையைத் தாமே ஒட்டுப்போட்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். இதனை நாம் எளிமைக்கு எடுத்துக்காட்டாகவே சொல்லி வருகிறோம். அதில் பொருளைப் பற்றிய ஒரு நோக்கும் அடங்கியிருக்கிறது. தைக்கக்கூடிய காலணியை எறிந்துவிடாதிருத்தல் கஞ்சத்தனமன்று. இறைவன் அளித்ததன் பயனை முற்ற நுகர்வது அது. முப்பத்தாறு நல்ல செல்களைக் குப்பையில் எறிவது ‘இஸ்ராஃபு’ அல்லவெனில், வேறு எதுதான் இஸ்ராஃபு?

மாறும் வழக்கு

வழக்கு ஐபை விழுங்கிவிட்டது என்று மேலே சொன்னோம். விழுங்கியதை வழக்கே மீண்டும் உமிழும் காலம் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் பாட்டரிகளைப் பற்றி ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி 2027 பிப்ரவரி 18 முதல் சந்தைக்கு வரும் இத்தகைய வண்டிகளின் பாட்டரியைத் தனித்தொழிலாளரும் கழற்றி மாற்றத்தக்கதாக அமைக்க வேண்டும். பாட்டரி மட்டுமன்று, அதனுள் இருக்கும் ஒவ்வொரு செல்லையும். கணினி நிரலைக் கொண்டு அவ்வாறு மாற்றுவதைத் தடுத்தல் கூடாது. மாற்றுப் பாட்டரி, அந்த வகை வண்டி கடைசியாகச் சந்தைக்கு வந்த பின்னும் குறைந்தது ஐந்தாண்டுகள் நியாயமான விலையில் கிடைக்க வேண்டும். பழுதுபார்க்கும் உரிமையைப் பற்றி 2024-இல் இயற்றிய மற்றொரு சட்டமும் இவ்வகைப் பாட்டரியுள்ள பொருள்களைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. உறுப்பு நாடுகள் அதனை நடைமுறைப்படுத்த 2026 ஜூலை 31 என்னும் நாள் குறிக்கப்பட்டது.

இதன் விளைவை ஃபிக்ஹின் கண்கொண்டு நோக்குக. திறக்கத்தக்க வண்டிகளே சந்தையில் பெரும்பான்மையாகும் நாளில், திறக்க இயலாத வண்டி மீண்டும் ஐபுள்ள பொருளாகிவிடும். அப்போது நவவீயின் நிபந்தனை வாங்குவோருக்கு அரணாக நிற்கும். சட்டம் வழக்கை மாற்றும்; வழக்கு மஸ்அலாவின் தீர்ப்பை மாற்றும். வழக்கு வானிலிருந்து இறங்குவதன்று, மனிதர் செய்வது. ஆகவே தீய வழக்கைக் கண்டும் இதுதான் உலகம் என்று வாளாவிருப்பவனுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. இருக்கிற வண்டிகளுக்கு இச்சட்டம் துணைவராது என்பதையும் மறத்தலாகாது. நம் அன்பரின் பாட்டரி இனியும் திறவாது.

விற்பவனாகும்போது

இனி இரண்டாம் வினா. உற்பத்தியாளரின் நீதியைப் பற்றி இத்தனை பேசிய பின், நம் வீட்டு வாசலில் நிற்கும் 2,500 யூரோவைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

பழைய பாட்டரி தளரும் என்பது ஊரறிந்ததே. ஆனால் இந்தப் பாட்டரி கழற்றிப் பொருத்தினால் மூன்று நாள் ஓடிப் பின் நிற்கும் என்பது ஊரறிந்ததன்று. அவர் ஒருவரே அறிந்தது. பொதுவான தளர்ச்சி வழக்கு. இந்தக் குறிப்பிட்ட பழுது ஐபு. கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அந்த ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டுக் கண்டித்தார்கள். ஈரத்தை உண்டாக்கியது மழைதான் என்று அவ்வணிகர் சொல்லியும், மறைத்தது அவர் என்பதால் கண்டனம் நீங்கவில்லை. பாட்டரியைத் தளர்த்தியது எந்த நிறுவனமோ. மறைப்பவர் நம் அன்பராயின், கணக்கும் அவருடையதே.

தமக்கு இழைக்கப்பட்ட அநீதியைக் காட்டித் தம் மௌனத்துக்கு நியாயம் தேடுவது மனித இயல்பு. நிறுவனம் தம்மிடம் மறைத்தது, தாம் அடுத்தவரிடம் மறைக்கிறோம் என்று மனம் கணக்குப் போடும். ஆனால் அந்த அடுத்தவர் அந்நிறுவனமல்லர். அவரும் ஏதோவொரு கடைக்காரராக, பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் தாயாக இருக்கலாம். தீய வழக்கு நிறுவனங்களால் தொடங்கப்படலாம். அதனை வேரூன்றச் செய்பவர்கள் நம்மைப்போன்ற எளியவர்களே. பிறர் பொருளையும் தம் பொருளைப்போல் பேணி வாணிகம் செய்தலே வாணிகருக்கு முறை என்று வள்ளுவரும் நடுவுநிலைமையில் வைத்துச் சொன்னார்.

ஆகவே அவருக்கு நாம் இவ்வாறு விடை எழுதினோம். நிறுவனத்தின்மீது சட்டப்படி வழக்கு நில்லாதெனினும், மறைத்துப் பூட்டி விற்றது நீதியன்று என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. எழுதட்டும், முறையிடட்டும், அடுத்து வண்டி வாங்குவோரிடம் திறக்கத்தக்கதா என்று முதலில் கேட்கச் சொல்லட்டும். விற்கும்போதோ, தளர்ந்த வரிசையைப் பற்றி மெக்கானிக் சொன்னதையும், கழற்றிப் பொருத்தும் உபாயத்தையும், புதிய பாட்டரியின் விலையையும் வாங்குபவரிடம் எடுத்துச் சொல்லட்டும். வண்டியின் சட்டகமும் சக்கரமும் நல்லவையாதலால், அறிந்து வாங்குபவர் அதற்குரிய விலையைத் தருவார். இறைச்சிக்கா, பயணத்துக்கா என்று கேட்டுவிட்டு விற்பதுதான் இது.

விலையில் ஒரு பகுதி குறையும். வாஸிலா (ரலி) அவர்களின் காலத்தில் அது 100 திர்ஹம். இன்று 800 யூரோவாக இருக்கலாம். நீதிக்கு எக்காலத்திலும் ஒரு விலை உண்டு; அதனைப் பெரும்பாலும் எளியவர்களே முதலில் கொடுக்க நேர்கிறது. கொடுத்த கையை வெறுங்கையாக விடாதவன் அல்லாஹ். ஈட்டுவதில் அவன் நம் அனைவருக்கும் தூய்மையை அருள்வானாக!